விட்டுவிடும் கொக்கி

கயிற்றைக் கன்னத்து எலும்போடு ஒட்டிக்கொண்டு இஷாக் கண்ணை மூடிவிட்டார் என்றால் பக்கத்தில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால், கண்ணைத் திறக்காமலே இடது கையை மட்டும் உயர்த்துவார். அந்தக் கையைப் பார்த்து ஊராட்சித் தலைவரே பேச்சைப் பாதியில் விழுங்கியிருக்கிறார். கீழே அறுநூறு, எழுநூறு அடி ஆழத்தில், ஒரு சாண்கூட அகலமில்லாத துளைக்குள், கும்மிருட்டுத் தண்ணீரில் அவருடைய கொக்கி எதையோ தொட்டுக்கொண்டிருக்கிறது. தொட்டது கல்லா, குழாயா, அறுந்த வயரா என்பது மேலே வெயிலில் நிற்கிற இந்த மனிதருக்குத் தெரிந்துவிடுகிறது. எப்படி பாய் என்று கேட்டால், "கயிறு சொல்லும்ல?" என்பார். அந்தக் கயிறு நமக்கு மட்டும் ஒன்றும் சொல்லித் தொலைக்க மாட்டேன் என்கிறது.

ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்துபோன மோட்டாரை எடுத்துக் கொடுப்பதுதான் இஷாக்கின் தொழில். குழாய் இணைப்பில் மரை தேய்ந்து கழன்றால் மோட்டார் குழாயோடு உள்ளே போய்விடும். மோட்டார் போனதோடு முடிந்தால் பரவாயில்லை. அது அடைத்துக்கொண்ட துளையில் வேறு மோட்டாரை இறக்கவும் வழியில்லை. புதுத் துளை போடலாம் என்றால் திண்டுக்கல் சீமையில் எந்த இடத்தில் போட்டால் தண்ணீர் வரும் என்று யார் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள்? ஆயிரம் அடி இறக்கிப் புழுதியை மட்டும் பார்த்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அதனால் மோட்டார் விழுந்த வீடு எழவு வீடு மாதிரிதான் இருக்கும். அடுப்புப் பற்றவைக்க மறந்து ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வீட்டு வாசலில்தான் இஷாக்கின் பழைய சரக்கு வண்டி போய் நிற்கும்.

வயது நாற்பத்தெட்டு. வீடு பேகம்பூரில். ஒல்லியான உடம்பு, மடித்துக் கட்டிய கைலி, சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை. இரண்டு உள்ளங்கைகளிலும் குறுக்கே கயிறு அறுத்த தழும்புகள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் மனைவி பர்ஹானா நல்லதாக ஒரு ஜோடி தோல் கையுறை வாங்கி வந்தார். இஷாக் இரண்டு நாள் போட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்துவிட்டார். "கோவிச்சுக்காத பர்ஹானா. உறை போட்டா கை செவிடாயிருது." பர்ஹானா இப்போது அந்த உறையைப் போட்டுக்கொண்டு குருமாச் சட்டி இறக்குகிறார்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட இரும்புகள் தொங்குகின்றன. ஒன்றுபோல் ஒன்று இருக்காது, ஏனென்றால் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கிணற்றுக்காகச் செய்தது. எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. விழுந்த குழாயின் தலையில் கவிழ்ந்து உள்பற்களால் கடித்துக்கொள்வது 'குல்லா'. இரண்டு பக்கமும் இடுக்கிப் பிடிப்பது 'நண்டு'. வளைந்த கொக்கி ஒன்று, உள்முகமாக நாலு முள் வைத்தது, தொட்டதை விடவே விடாது. அதற்கு 'மாமியா' என்று பெயர். பெயர் வைத்தவர் இஷாக்கின் மச்சான் நூர் முகமது, பர்ஹானாவின் தம்பி, இஷாக்கோடு கூடவே தொழிலுக்கு வருகிறவர். தன் தாயாருக்கு இந்தப் பெயர் விவகாரம் தெரியாமல் பதினாறு வருடமாகக் காப்பாற்றிவருகிறார்.

இந்த இரும்பையெல்லாம் காட்டி, கயிற்றைச் சுற்றி இழுக்க ஒரு நல்ல விஞ்சு வாங்கக் கடன் கேட்டு, ஒருமுறை இஷாக் வங்கிக்குப் போனார். பார்க்க வந்த அதிகாரி கொட்டகையைச் சுற்றிவந்தார். பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறீர்களா என்று மரியாதையாகத்தான் கேட்டார். இல்லை என்றதும், "அப்ப தொழிலுக்கான முதலீடு எங்கே இருக்கு?" என்றார். இஷாக் இரண்டு கைகளையும் நீட்டினார். "இதுலதான் சார் இருக்கு." அதிகாரி சிரித்தார், இஷாக்கும் சிரித்தார், கடன் வரவில்லை. அந்த அதிகாரியைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது? மோட்டாருக்குக் கடன் உண்டு, குழாய்க்கு மானியம் உண்டு, பந்தல் கல்லுக்குக்கூட உண்டு. அதையெல்லாம் பாதாளத்திலிருந்து மீட்டுக் கொண்டுவருகிற விரலுக்குப் படிவத்தில் கட்டம் போட்டு வைக்கவில்லை.

இந்த விரல் எங்கே படித்தது? தோல் பதனிடுகிற தோல் ஷாப்பில். பள்ளிக்கூடத்தில் ஏழாவதோடு சரி. அத்தா அப்துல் வாஹித்தோடு ஊருக்கு வெளியே இருந்த ஒரு தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. கழுத்தளவு ஆழத் தொட்டி. சுண்ணாம்புத் தண்ணீர் பால் மாதிரி இருக்கும், உள்ளே எதுவும் தெரியாது. நீளக் குறடை விட்டுத் தோல்களைப் புரட்டிப் போட வேண்டும். எந்தத் தோல் ஊறிவிட்டது, எது இன்னும் முரண்டுபிடிக்கிறது, எது மடிந்து கிடக்கிறது என்பதைக் குறடு வழியாகக் கை அறிந்துகொள்ள வேண்டும். பன்னிரண்டு வருடம் இஷாக் கண்ணால் பார்க்காமல் வேலை செய்தார். பிறகு உறவுக்காரர் தோட்டத்தில் மோட்டார் விழுந்து எல்லோரும் கையைப் பிசைந்தபோது, சும்மா கயிற்றைப் பிடித்துப் பார்த்தவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டதாம். "அதே தொட்டிதேன். கொஞ்சம் ஆழம், அம்புட்டுதேன்" என்கிறார். கழுத்தளவு அல்ல, அறுநூறு அடி. கொஞ்சம் ஆழமாம்! கேட்கிற நமக்குத்தான் தலை சுற்றுகிறது.

எந்த ஊர்த் தோட்டத்தில் இறங்கினாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்: "உள்ள வேற என்ன போட்டீங்க?" எல்லோரும் முதலில் ஒன்றும் போடவில்லை என்றுதான் சொல்வார்கள். பிறகு மெல்ல மெல்ல வெளியே வரும். கடப்பாரையை வளைத்து ஒரு கொக்கி, ஊஞ்சல் சங்கிலி, பக்கத்துத் தோட்டத்து ஆள் கொண்டுவந்த காந்தம். தானே எடுத்துவிடலாம் என்று போட்டது எல்லாம் உள்ளே போய் மோட்டாருக்குத் துணையாக உட்கார்ந்திருக்கும். இஷாக் கோபப்பட மாட்டார். வாயில் இருக்கிற சோம்பை மென்றுகொண்டு, "சரி, அதையும் சேத்து எடுப்போம்" என்பார்.

போன வைகாசியில் சித்தையன்கோட்டைக்கு மேற்கே பெருமாள்சாமியின் தோட்டத்திலும் அதே கேள்வியைத்தான் கேட்டார். பெருமாள்சாமி இரண்டு ஏக்கர் கல்லுக்கால் பந்தல் போட்டு புடலை வைத்திருந்தார். கொடி ஏறி, பூ பிடித்து, பிஞ்சு தொங்குகிற நேரத்தில் மோட்டார் விழுந்துவிட்டது. அன்றைக்கு ஐந்தாவது நாள். பந்தலுக்குக் கீழே போய் நின்றால் இலையெல்லாம் வாடித் துணி மாதிரி தொங்குகிறது. வேலியோரம் காய் பறிக்கிற பெண்கள் ஆறு பேர் வெறும் கூடையோடு நின்றார்கள். வேலை இல்லை என்று தெரிந்தும் தினம் காலையில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய் ஏற்றுகிற வண்டிக்காரர் காலையிலேயே இரண்டு தடவை போன் அடித்துவிட்டார். ஒரு குழாயின் மரை தேய்ந்ததற்கு இத்தனை வீடுகள்.

"கடப்பாரய வளச்சு ஒரு கொக்கி விட்டோம் பாய். அது திரும்பி வந்திருச்சு. குலசாமி சத்தியமா வேற ஒண்ணும் போடல" என்றார் பெருமாள்சாமி. மனைவி ஜக்கம்மாள் மோட்டார் ரூமின் நிழலில், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. காந்திகிராமத்தில் பொருளாதாரம் படிக்கிற மகள் கௌசல்யா விடுமுறைக்கு வந்திருந்தாள்.

முக்காலியை நட்டு, விஞ்சைப் பொருத்தி, நூர் முகமது முதலில் கேமராவை இறக்கினார். இப்போதெல்லாம் அதுவும் இருக்கிறது. இஷாக்குக்கு அதன்மேல் நல்ல மரியாதை. தெளிந்த தண்ணீர் என்றால் கேமரா ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் காட்டிவிடும். ஆனால் கடப்பாரைக் கொக்கி உள்ளே போய்க் குத்திய குத்தில் சேறு கலங்கியிருந்தது. "பாலாட்டம் இருக்கு மச்சான். ஒரு மண்ணும் தெரியல" என்றார் நூர். இஷாக் தலையாட்டினார். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு குல்லாவை இறக்கச் சொன்னார்.

அறுநூற்று நாற்பது அடியில் குல்லா எதன்மேலோ உட்கார்ந்தது. கயிறு கன்னத்தில் இருந்தது. இரும்பின்மேல் இரும்பு உட்கார்ந்தால் வெடுக்கென்று ஒரு அதிர்வு பல்வரைக்கும் வரும். இது அப்படி வரவில்லை. இஷாக் புருவத்தைச் சுருக்கினார். தூக்கிப் பார்த்தால் கனம் ஒரு நொடி ஏறி, வழுக்கிக்கொண்டு இறங்கிவிட்டது. இரண்டாம் தடவையும் அதே. "மெத்துன்னு இருக்கு நூரு. குழாயோட வாயில என்னமோ இருக்கு" என்றார். மூன்றாவது தடவை குல்லாவை மேலே முழுக்க எடுத்துப் பார்த்தார். உள்பல்லில் ஒரு நூல் சிக்கியிருந்தது. மஞ்சள் நூல். சேற்றைத் துடைத்தபின்னும் மஞ்சள்.

யாரும் பார்ப்பதற்கு முன் அந்த நூலை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து எல்லோருடைய முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஜக்கம்மாள் ஒருவரைத் தவிர. ஜக்கம்மாள் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். மோட்டார் விழுந்த மறுநாள் விடியக் கருக்கலில் ஜக்கம்மாள் தலைக்குக் குளித்து, மஞ்சளில் நனைத்த துணியில் காணிக்கை முடிந்து, கன்னிமாருக்கு நேர்ந்துகொண்டு, துளைக்குள் போட்டுவிட்டார். தண்ணீர் உள்ள இடமெல்லாம் கன்னிமார் இருக்கிற இடம். கிணற்றில் போடுவது அந்தக் குடும்பத்தில் எப்போதும் உள்ள வழக்கம். அந்தக் காலத்துக் கிணறு இருபது அடி அகலம், முடிச்சு போய் ஒரு ஓரமாகக் கிடக்கும். இது ஆறரை அங்குலத் துளை. கன்னிமாருக்குப் போட்ட முடிச்சு நேராகப் போய்க் கழன்ற குழாயின் வாயில் தக்கையாக உட்கார்ந்துகொண்டது. இதை வெளியே சொல்லவும் முடியாது. நேர்ந்துகொண்டதை நிறைவேறும்முன் வாயால் சொன்னால் பலிக்காது. பாவம் அந்த அம்மாள், தெரிந்தும் சொல்ல முடியாமல் நெருப்பை விழுங்கினவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"செத்த நேரம் டீ குடிப்போம்" என்று எல்லோரையும் அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் இஷாக் குடத்தருகே போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார். குரலை இறக்கினார்.

"அக்கா, நீங்க வாயத் தெறக்க வேணாம். நான் கேக்குறதுக்குத் தலைய மட்டும் ஆட்டுங்க. துணிதானே?"

தலை ஆடியது.

"ஒரு முழம்?"

ஜக்கம்மாள் இரண்டு விரலைக் காட்டினார்.

"கனத்துக்கு உள்ள கல்லு வச்சு முடிஞ்சீங்களா? எம்புட்டுப் பெருசு? எலுமிச்சை?"

தலை ஆடியது. கண்ணிலிருந்து தண்ணீரும் இறங்கியது.

"அழுகாதீங்க. அத மேல எடுத்துரட்டுமா?"

இந்தக் கேள்விக்குத் தலை ஆடவில்லை. இஷாக் காத்திருந்தார். ஜக்கம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். இஷாக்குக்குப் புரிந்துவிட்டது. கொடுத்ததைத் திரும்ப எடுப்பது எந்தச் சாமியிடம்தான் நடக்கும்? அவருடைய தாயார் ஜெய்தூன் பீவி தர்காவுக்கு நேர்ந்துவிட்ட சேவலை, அடுப்பில் ஒன்றுமில்லாத நாளில்கூடத் தொட விட்டதில்லை.

"எங்கள்லயும் நேர்ச்சை உண்டுக்கா. குடுத்தது குடுத்ததுதேன்" என்றார். கொஞ்ச நேரம் தரையில் விரலால் எதையோ வரைந்தார். "சரி, மேல வேணாம். கீழயே அனுப்பிருவோம். மோட்டார் மட்டும் மேல வரட்டும். சரிதானே?"

ஜக்கம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையை மூன்று தடவை ஆட்டினார்.

வாயால் சொல்வது சுலபம். முடிச்சை மேலே இழுத்துப்போடுவது ஒரு மணி நேர வேலை. கீழே அனுப்புவது என்றால், குழாய் வாயிலிருந்து அதைத் தூக்கி, பக்கத்தில் இருக்கிற இரண்டு விரல் இடைவெளிக்குள் நுழைத்து, மோட்டாரைத் தாண்டி அடிமட்டத்துக்கு விழ வைக்க வேண்டும். நடுவில் சிக்கிக்கொண்டால் கல்லும் துணியும் மோட்டாருக்கு ஆப்பு அடித்த மாதிரி ஆகிவிடும். அப்புறம் இஷாக்கல்ல, யார் வந்தாலும் அந்தத் துளை மூடினதுதான். ரூமுக்குப் பின்னால் போய் இதை நூர் முகமதிடம் மட்டும் சொன்னார். நூர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "மச்சான், இத்தன வருசத்துல புடிக்கத்தானே செஞ்சோம். விடுறதுக்கு நம்மகிட்ட எதுவும் இல்லியே?"

"செஞ்சுக்குவோம்" என்றார் இஷாக்.

மாமியாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அரத்தால் அதன் முட்களை ஒவ்வொன்றாகத் தேய்க்கத் தொடங்கினார். விடவே விடாத கொக்கி வழவழவென்று ஆகிக்கொண்டிருந்தது. கயிறு இறுகியிருந்தால் முடிச்சைத் தாங்க வேண்டும், தளர்ந்த நொடியில் வழுக்கி விட்டுவிட வேண்டும். தேய்ப்பார், தன் சட்டை நுனியை மாட்டித் தூக்கிப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். "எங்கம்மா பல்லப் பூராம் புடுங்கிட்டீங்களே" என்று நூர் முனகினார். அந்த நேரத்திலும் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

பெருமாள்சாமிக்குப் பொறுமை போய்விட்டது. போகாமல் என்ன செய்யும்? தலைக்கு மேலே பந்தல் காய்கிறது, இந்த மனிதர் உட்கார்ந்து இரும்பை ராவிக்கொண்டிருக்கிறார். "என்ன பாய், நாள் பூரா இதையே தேச்சிட்டிருந்தா எப்ப மோட்டாரு வாரது? காலையில மூணு தடவ புடிச்சு விட்டீங்களே, என்னதேன் கோளாறு?"

இஷாக் அரத்தைக் கீழே வைத்தார். நூர் அவரையே பார்த்தார். ஜக்கம்மாளின் முகத்தில் ரத்தமில்லை.

"எங் கொக்கி சரியில்லண்ணே. தப்பான கொக்கி கொண்டாந்துட்டேன்" என்றார் இஷாக்.

சுற்றுவட்டாரத்தில் அவருக்கு இருக்கிற பெயருக்கு, அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததை நூரால் தாங்க முடியவில்லை. அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். பெருமாள்சாமி கேட்டதும் கொதித்துப்போய்ப் பக்கத்துத் தோட்டத்து டிராக்டருக்கு ஆள் அனுப்பிவிட்டார். குல்லாவை மாட்டி டிராக்டரில் கட்டி ஒரே இழுப்பு இழுத்துவிடலாம் என்று அவர் முடிவு. டிராக்டர் புகையோடு வந்து நின்றது. இஷாக் ஓடவில்லை, கத்தவில்லை. போய்த் துளை வாயின்மேல் ஒரு சாக்கைப் போட்டு அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இழுத்தா வரும்ணே. என்ன வரும்னா பாதி குழாய் வரும். மோட்டாரும் போரும் அங்கனயே சமாதி. பொழுது சாயற வரைக்கும் எனக்குக் குடுங்க. வரலன்னா நீங்க என்னவேணாப் பண்ணிக்கங்க."

பெருமாள்சாமி எதையோ சொல்ல வாயெடுத்தபோது கௌசல்யா குறுக்கே வந்தாள். "அப்பா, மோட்டார் போனா கடன உடன வாங்கி இன்னொன்னு வாங்கிரலாம். பாய் கையில இருக்கறத எந்தக் கடையில போயி வாங்குவீங்க? செத்த சும்மா இருங்கப்பா." படிக்க அனுப்பிய மகள் இப்படி எல்லார் முன்னாலும் பேசுவாள் என்று பெருமாள்சாமி எதிர்பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டிராக்டர்க்காரரைப் பார்த்தார். அவர் வண்டியை அணைத்துவிட்டு, வேடிக்கை பார்க்க வசதியாக மட்கார்டில் ஏறி உட்கார்ந்தார்.

பல் போன கொக்கி இறங்கியது. ஐம்பது அடிக்கு ஒருமுறை நூர் அளவு சொன்னார். அறுநூற்று முப்பத்தைந்தில் இஷாக் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். அதற்குப் பிறகு விஞ்சுக்கு வேலையில்லை, முழுக்கக் கைதான். கயிற்றைக் கன்னத்தோடு வைத்து, கட்டைவிரலால் அதை மெல்ல உருட்டினார். குழந்தையின் காதைத் திருகுகிற அளவுக்குத்தான் அசைவு. வேலியோரத்துப் பெண்கள் எப்போது பக்கத்தில் வந்தார்கள் என்று தெரியவில்லை, கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு மணி நேரம் ஆனது. முகத்தில் வழிகிற வேர்வையைக்கூட அவர் துடைக்கவில்லை. திடீரென்று உதடு மட்டும் அசைந்தது. "மாட்டிக்கிச்சு."

இரண்டடி தூக்கினார். குழாய் மேற்குச் சுவரில் சாய்ந்திருப்பது அவருக்குக் காலையிலேயே தெரியும். குல்லா உட்கார்ந்த கோணம் சொல்லியிருந்தது. அதனால் கயிற்றைத் துளை வாயின் கிழக்கு ஓரத்துக்கு ஒரு விரற்கடை நகர்த்தினார். மேலே ஒரு விரற்கடை. கீழே எவ்வளவு, எந்தப் பக்கம் என்பது அவருக்கும் அந்த இருட்டுக்கும் மட்டும் தெரிந்த கணக்கு. மறுபடி இறக்கினார். முடிச்சு திரும்பவும் குழாய் வாயிலேயே உட்கார்ந்தது. தூக்கினார், நகர்த்தினார், இறக்கினார். பதினேழாவது தடவை முடிச்சு பக்கவாட்டில் இறங்கியது. ஒரு முழம் போய் நின்றுவிட்டது.

நூர் அவருடைய முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, "யா அல்லா" என்றார். எது நடக்கக் கூடாதோ அது நடந்துவிட்டது. மேலே இழுத்தால் துணி கிழியும். விட்டால் ஆப்பு. இஷாக் இரண்டையும் செய்யவில்லை. கயிற்றை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். கை நடுங்கக் கூடாது, இழுவை கூடக் கூடாது, குறையக் கூடாது. நாலு நாள் ஊறிய துணி, கல்லின் கனத்தில் தானாக நெகிழுமா நெகிழாதா என்பதுதான் கேள்வி. தொட்டியில் மடிந்து கிடந்த தோலை அவசரப்பட்டு இழுத்துக் கிழித்து, அத்தாவிடம் அறை வாங்கிய ஞாபகம் அவருக்கு இருந்தது. நேரம் போனது. வெயில் பந்தலின் கல்லுக்கால்களைத் தாண்டிச் சாய்ந்தது. உள்ளங்கைத் தழும்புகளில் ஒன்று விரிந்து கயிற்றில் ரத்தம் தெரிந்தது. டிராக்டர்க்காரர் மட்கார்டிலிருந்து இறங்கித் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

கயிறு ஒரு நெல் அளவு இறங்கியது. அப்புறம் இன்னொரு நெல். இஷாக் மூச்சைப் பிடித்துக்கொண்டு கயிற்றை மெல்லத் தளர்த்தினார். கனம் சட்டென்று இல்லாமல் போனது. உடனே குப்புறப் படுத்து, துளையின் மேல்வாயில் பதித்திருந்த இரும்புக் குழாயில் காதை வைத்தார். எவ்வளவு நேரம் என்று யாரும் எண்ணவில்லை. எழுந்தபோது அவருடைய கன்னம் முழுக்க மண். யாருக்கும் ஒன்றும் சொல்லாமல் ஜக்கம்மாள் பக்கம் பார்த்து, கண்ணிமையை மட்டும் ஒரு தடவை மூடித் திறந்தார்.

அதற்குப் பிறகு குல்லா இறங்கியதும், இரும்பின்மேல் இரும்பு வெடுக்கென்று உட்கார்ந்ததும், அந்தி மங்குவதற்குள் மோட்டார் சேறு வழிய மேலே வந்ததும் வழக்கமான கதைதான். பெருமாள்சாமி மோட்டாரைத் தடவிப் பார்த்துவிட்டு, "கொக்கி சரியாயிருச்சு போல பாய்" என்றார். "ஆமாண்ணே, சரியாயிருச்சு" என்றார் இஷாக். மறுநாள் காலை புது மரை வெட்டி, குழாய்களைக் கோத்து, பாதுகாப்புக் கயிறும் சேர்த்துக் கட்டி இறக்கினார்கள். தண்ணீர் வராமல் தோட்டத்தைவிட்டுக் கிளம்புவது இஷாக்குக்கு வழக்கமில்லை. பதினோரு மணிக்குப் பெருமாள்சாமி ஸ்டார்ட்டர் பெட்டியில் பச்சைப் பொத்தானை அழுத்தினார். குழாய் இருமியது, சேறு துப்பியது, பிறகு தெளிந்த தண்ணீர் தொட்டியில் விழுந்தது. கூடைக்காரப் பெண்கள் குலவையிட்டார்கள். பெருமாள்சாமி குழந்தை மாதிரி வாய்க்காலோடு ஓடினார்.

மோட்டார் ரூம் ஓரத்தில் மஞ்சள் பூசிய கன்னிமார் கற்கள் ஏழு இருந்தன. புதுத் தண்ணீரில் முதல் செம்பு அவர்களுக்குத்தான், அந்தத் தோட்டத்தில் என்றைக்கும் அப்படித்தான். ஜக்கம்மாள் செம்பைத் தொட்டியில் முக்கி எடுத்தார். கற்களுக்கு முன்னால் போய் ஒரு கணம் நின்றார். பிறகு செம்பு தளும்பாமல் அவற்றைக் கடந்து நடந்துவந்தார். இஷாக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் காய்ந்த ரத்தம், விரல் இடுக்கெல்லாம் கிரீஸ்.

"கைய நீட்டுங்க தம்பி" என்றார் ஜக்கம்மாள். இரண்டு நாளில் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

இஷாக் கற்களைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கயிற்றைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார். அந்தக் கைகளின்மேல் ஜக்கம்மாள் முதல் செம்புத் தண்ணீரை மெல்ல, ஒரு சொட்டு வெளியே சிந்தாமல், ஊற்றினார்.